துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை

வணிகத்தில் எடைக்கும் அளவுக்கும் கருவிகள் உண்டு. துணியின் நீளத்தைக் கோல் கொண்டு அளக்கலாம். சரக்கின் பாரத்தைத் துலாக்கோலில் நிறுக்கலாம். ஆனால் ஒருவர் சொன்ன சொல்லை மற்றவர் எப்பொருளில் கொண்டார் என்பதை அளக்க ஒரு கருவியும் இல்லை. ஒரே ஊரில் ஒரே மொழி பேசும் வணிகரிடையிலும் இத்தொல்லை உண்டென்றால், ஆறு மாதக் கடற்பயணத்திற்கு அப்பாலிருந்து வந்தவர்களும் இம்மண்ணின் வணிகரும் கொடுக்கல் வாங்கல் செய்த காலத்தில் அத்தொல்லை எத்துணைப் பெரிதாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

18ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் அந்த இடைவெளியில் நின்று பணி செய்தவர்களைத் துபாஷிகள் என்று அழைத்தனர். இரு மொழி அறிந்தவர் என்பது அச்சொல்லின் பொருள். எனினும் மொழிபெயர்ப்பு அவர்தம் பணியில் சிறு பகுதியே ஆகும். ஒரு தரப்பின் வழக்கத்தை மறுதரப்பின் வழக்கமாக மாற்றிச் சொல்வதே அவர்தம் பெரும்பணி. அத்துபாஷிகளுள் வரலாற்றில் நிலைத்த பெயர் பெற்றவர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை ஆவார். அவர் வாழ்வை அறிவது, வேற்றுநாட்டாரோடு வணிகம் செய்யும் இக்கால இளைஞர்க்கும் பயன் தருவதாகும்.

பிறப்பும் குடும்பமும்

ஆனந்தரங்கர் 1709ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30ஆம் நாள் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை ஒரு வணிகர். திருவேங்கடம் பிள்ளையின் மைத்துனரான நைனியப்பப் பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷியாக இருந்தார். அவர் அழைப்பின் பேரிலேயே இக்குடும்பம் புதுச்சேரிக்கு வந்தது.

அந்நகரில் அவர்களை எதிர்கொண்டது நல்வாழ்வு அன்று. 1716ஆம் ஆண்டில், எபேர் என்பவர் ஆளுநராக இருந்தபோது, நைனியப்பப் பிள்ளை சிறைப்பிடிக்கப்பட்டார். கலகத்தைத் தூண்டினார், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்பன குற்றச்சாட்டுகள். ஐம்பது கசையடியும், மூன்றாண்டுச் சிறையும், பெருந்தொகை அபராதமும் தண்டனையாக விதிக்கப்பட்டன. திருவேங்கடம் பிள்ளையும் அவ்வின்னலில் சிக்கினார். 1717இல் நைனியப்பர் சிறையிலேயே உயிர் நீத்தார்.

இவ்வழக்கில் நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. நைனியப்பர் போர்த்துகீசியம் பேச வல்லவர். ஆளுநரோடு அவர் அன்றாடம் நடத்திய வணிகப் பேச்சு அம்மொழியில்தான் நடந்தது. வழக்கு ஏடுகளோ பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டன. தாம் படித்தறிய முடியாத மொழியில் தம்மீது வழக்கு நடத்தப்பட்டது என்பது அவர் தரப்பில் எழுந்த முறையீடுகளுள் ஒன்று. இரு மொழிக்கு நடுவே நின்று பொருளீட்டியவர், மூன்றாவது மொழி ஒன்றினால் வீழ்ந்தார் என்று கூறலாம்.

அவருடைய மகன் குருவப்பப் பிள்ளை கடல் கடந்து பிரான்சுக்கே சென்று நீதி கேட்டார். தந்தையின் மீதிருந்த பழி பின்னர் நீங்கியது. எபேர் பதவியிழந்தார். குருவப்பர் அங்கே கிறித்துவ சமயம் தழுவி, புனித மைக்கேல் அணியின் வீரர் என்னும் சிறப்பும் பெற்றுத் திரும்பி, தலைமைத் துபாஷியானார், 1724இல் மறைந்தார்.

சிறுவரான ஆனந்தரங்கர் இவற்றையெல்லாம் தம் வீட்டுக்குள்ளிருந்தே கண்டவர். நடுவில் நிற்பவனுக்கு இரு பக்கமும் வருவாய் உண்டு. இரு பக்கமும் ஆபத்தும் உண்டு என்பதை அவர் ஏட்டில் படிக்கவில்லை. குடும்பத்தின் துயரத்தில் கற்றார். பிற்காலத்தில் அவரிடம் காணப்பட்ட எச்சரிக்கைக்கு இதுவே வித்து எனலாம்.

வணிகப் பயிற்சி

1726ஆம் ஆண்டில் திருவேங்கடம் பிள்ளை மறைந்தார். அப்போது ஆனந்தரங்கருக்கு வயது பதினேழு. அவ்வாண்டில் ஆளுநர் பொறுப்பை ஏற்ற லெனுவார் இளைஞரின் திறமையை மதித்தார். பரங்கிப்பேட்டையில் இருந்த கும்பினிப் பண்டகசாலையில் உள்நாட்டு வணிகப் பொறுப்பு ஆனந்தரங்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. நெசவாளர்களோடும், வெளுப்போரோடும், சாயமேற்றுவோரோடும் நேரில் பழகும் வாய்ப்பு அங்கே கிட்டியது. தம் சொந்தச் செலவில் இலாலாப்பேட்டையிலும் ஆற்காட்டிலும் வணிக நிலையங்களை நிறுவி, ஐரோப்பியச் சரக்குகளை உள்நாட்டிலும் உள்நாட்டுச் சரக்குகளைக் கரையிலும் விற்றார். ஆனந்தப்புரவி என்னும் பெயரில் அவருக்குக் கப்பலும் இருந்தது.

அக்காலக் கடற்கரையில் ஒரு பொருளை விற்க எத்தனை மொழி வேண்டியிருந்தது என்பது வியப்பளிக்கும். நெசவாளரிடம் தமிழும் தெலுங்கும் வேண்டும். ஐரோப்பியரிடம் பேசுவதற்குப் பெரும்பாலும் போர்த்துகீசியமே பொதுமொழி. போர்த்துகீசியரின் ஆட்சிவலிமை குன்றிய பின்னரும் அவர் மொழி துறைமுகங்களில் நிலைத்து நின்றது. கும்பினியின் ஏடுகள் பிரெஞ்சில் இருந்தன. ஆற்காட்டு நவாபுக்கும் ஐதராபாத்து நிசாமுக்கும் விடுக்கும் மடல்கள் பாரசீகத்தில் எழுதப்பட வேண்டும்.

மொழிக்கேற்ப மரபும் மாறியது. பாரசீக மடலில் பெறுவோரின் பட்டங்கள் ஒன்றும் குறையாமல் முன்னே வர வேண்டும். கருத்து பின்னே வரும். பட்டம் ஒன்று விடுபட்டால் கருத்து எத்துணை நன்றாயினும் மடல் அவமதிப்பாகக் கொள்ளப்படும். பெரிய இடத்திலிருந்து மடல் வந்தால் அதை எதிர்கொண்டு பெறுவதும், பீரங்கி முழக்குவதும் மரபு. மேலைநாட்டு வணிகனுக்கு மடல் என்பது செய்தி. இந்நாட்டு அவைகளில் மடல் என்பது அனுப்பியவரே நேரில் வந்ததற்கு ஒப்பு. இவ்வேறுபாட்டை அறிந்து சொல்லும் ஒருவர் அருகில் இல்லாவிடின் வணிகம் நடவாது.

ஒப்பந்தமும் வெற்றிலையும்

பிரெஞ்சுக் கும்பினிக்கு இக்கரையில் முதன்மையான தேவை துணி. வெள்ளைத் துணிகளும் நீலச் சாயத் துணிகளும் இங்கிருந்து கப்பலேறின. ஐரோப்பாவிலிருந்து வந்த வெள்ளியைக் கொண்டு வணிகர்க்கு முன்பணம் தரப்படும். வணிகர் அதை நெசவாளர்க்கு முன்பணமாகப் பகிர்வர். துணி நெய்து வந்ததும் கும்பினியார் மாதிரியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பர். குறையுள்ளவற்றைக் கழிப்பர், அல்லது விலையைக் குறைப்பர்.

இவ்வமைப்பில் கருத்து வேறுபாட்டிற்குப் பல வாயில்கள் இருந்தன. கும்பினியாருக்கு நாள் என்பது கப்பல் புறப்படும் நாள். புதுச்சேரியில் கப்பல் ஒதுங்கும் துறை இல்லை. நடுக்கடலில் நின்ற கப்பலுக்குச் சலங்குகளில் சரக்கை ஏற்ற வேண்டும். ஐப்பசி கார்த்திகைப் புயலுக்கு முன் கப்பல் கரையை விட்டு அகல வேண்டும். ஆகவே காலம் தவறினால் ஓராண்டு வணிகமே தவறும். உள்நாட்டு வணிகருக்கோ நாள் என்பது நெசவாளர் கையில் இருந்தது. மழை பெய்தால் பாவு விரிக்க இயலாது. குதிரைப்படை ஊரைக் கடந்தால் தறி நிற்கும். கும்பினியார் அதை வாக்குத் தவறுதல் என்று கருதினர். வணிகரோ அதைக் காலக் கோளாறு என்று கருதினர். இரு சாராரும் பொய் கூறவில்லை. இரு சாராரும் ஒருவரையொருவர் பொய்யர் என்று எண்ண இடமிருந்தது.

இங்கேதான் துபாஷியின் தேவை எழுந்தது. ஆளுநரின் சினத்தை அப்படியே வணிகரிடம் கொட்டினால் அவர்கள் வேறு துறைமுகத்தை நாடிச் செல்வர். சென்னையில் ஆங்கிலேயரும் நாகப்பட்டினத்தில் டச்சுக்காரரும் காத்திருந்தனர். வணிகரின் சாக்குகளை அப்படியே ஆளுநரிடம் ஒப்பித்தால் துபாஷியின் மீதே ஐயம் விழும். எதை முன்னே சொல்வது, எதைப் பின்னே சொல்வது, எதைத் தனிமையில் சொல்வது என்று அறிந்தவனே அப்பதவியில் நிலைக்க முடியும்.

கொடை பற்றிய கருத்தும் இவ்வாறே மாறுபட்டது. பெரியோரைக் காணச் செல்கையில் வெறுங்கையோடு செல்லாமை இந்நாட்டு மரபு. நசர் என்னும் காணிக்கை மரியாதையின் அடையாளம். அதைப் பெற்றவர் பதில் மரியாதை செய்யவும் கடமைப்பட்டவர். ஐரோப்பியக் கணக்கேட்டில் இதற்கு ஏற்ற பத்தி இல்லை. ஒரு தரப்பார் மரியாதை என்றதை மறுதரப்பார் கையூட்டு என்று எழுத இயன்றது. புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர்களோ இம்மரபை விரைவில் கற்றுக்கொண்டனர். ஒப்பந்தம் முடிந்ததும் வணிகர்க்குச் சகலாத்துத் துணி போர்த்தி, வெற்றிலை பாக்கும் பன்னீரும் வழங்கி அனுப்பும் வழக்கம் ஆளுநர் மாளிகையிலேயே நிலைபெற்றது. ஐரோப்பாவில் விற்பனைச் சரக்காக இருந்த கம்பளித் துணி இங்கே பரிவட்டத்தின் இடத்தைப் பெற்றது. கையொப்பத்தால் ஒப்பந்தம் முடிந்தது என்று ஒரு தரப்பு மனநிறைவு கொண்டது. வெற்றிலையால் முடிந்தது என்று மறுதரப்பு மனநிறைவு கொண்டது. ஒரே நிகழ்ச்சியில் இரு மரபுகளும் நிறைவேற வழி கண்டதே அக்கால வணிகத்தின் நுட்பம் ஆகும்.

தலைமைத் துபாஷி

1742ஆம் ஆண்டின் தொடக்கத்தில் துய்ப்ளே புதுச்சேரியின் ஆளுநராகப் பொறுப்பேற்றார். அப்போது தலைமைத் துபாஷியாக இருந்தவர் கனகராய முதலியார். 1746இல் அவர் மறைந்தபின் அப்பதவிக்குப் பெரும் போட்டி எழுந்தது. கிறித்துவர் ஒருவரே அப்பதவியில் அமர வேண்டும் என்று இயேசு சபைத் துறவியர் வற்புறுத்தினர். துய்ப்ளேயின் நம்பிக்கையோ ஆனந்தரங்கரின் பக்கம் இருந்தது. அவரே பணிகளைக் கவனித்து வந்து, 1747இல் தலைமைத் துபாஷியானார்.

ஆளுநரின் துணைவியார் ழான் அம்மையார் இக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழில் பேச வல்லவர். ஆளுநர் மாளிகைக்குள்ளேயே இரு மொழி அறிந்த ஒருவர் இருந்ததால் துபாஷியின் பணி எளிதாகியிருக்கும் என்று நாம் எண்ணலாம். நடந்தது அதற்கு மாறானது. அம்மையார் தமக்கென ஒற்றர்களையும் ஆதரவாளர்களையும் வைத்துக்கொண்டு, செய்திகளைத் தாமே ஆளுநரிடம் சேர்த்தார். ஒரே செய்தி இரண்டு வாய்கள் வழியே இரண்டு பொருளோடு ஆளுநரைச் சென்றடைந்தது. ஆனந்தரங்கரின் நாட்குறிப்பில் அவ்வம்மையார் மீதான மனக்குறை பல இடங்களில் வெளிப்படுகிறது.

1746ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். நகரைக் கைப்பற்றியதும் ஆற்காட்டு நவாபு அன்வருத்தீனிடம் ஒப்படைப்பதாகத் துய்ப்ளே முன்னரே தெரிவித்திருந்தார். ஆனால் நகரம் நவாபிடம் ஒப்படைக்கப்படவில்லை. பிரெஞ்சு ஆளுநருக்கு அச்சொல் காலங்கடத்தும் ஓர் உத்தியாக இருந்தது. நவாபுக்கோ அது கொடுத்த வாக்கு. மேலும், தம் ஆட்சிக்குட்பட்ட மண்ணில் குடியிருக்கும் வணிகர் தம் ஆணைக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது அவர் நிலை. மடல்களால் தீராத அவ்வழக்கு அக்டோபரில் அடையாற்றங்கரைப் போராக முடிந்தது. சிறிய பிரெஞ்சுப் படை நவாபின் பெரும்படையை வென்றது. அன்றுமுதல் கரைநாட்டில் வணிகப் பேச்சின் தன்மையே மாறிற்று. துப்பாக்கியின் வலிமை தெரிந்தபின், மறுதரப்பின் மரபை மதித்துப் பேச வேண்டும் என்ற கட்டாயம் ஐரோப்பியருக்குக் குறைந்துகொண்டே வந்தது.

1750ஆம் ஆண்டு டிசம்பரில் நாசிர் சங் கொல்லப்பட்டு, முசபர் சங் தக்காணத்தின் சுபேதாராகப் புதுச்சேரிக்கு வந்தபோது பெருவிழா நடந்தது. துய்ப்ளே இசுலாமியப் பிரபுக்களுக்குரிய உடையணிந்து அவையில் தோன்றிப் பட்டங்களைப் பெற்றார். அக்காலத்தில் ஆனந்தரங்கருக்கும் மூவாயிரம் குதிரைக்குரிய மன்சப் சிறப்பும், வசாரத்து ராய விசய என்னும் பட்டமும், செங்கற்பட்டுச் சாகீர்தார் நிலையும் கிட்டின. வணிகத்திற்கென வந்த கும்பினியின் தலைவர் நவாபாகவும், அவர் துபாஷி பிரபுவாகவும் விளங்கிய காலம் அது. ஆயினும் பாரிசில் இருந்த கும்பினி இயக்குநர்களுக்கு இப்பட்டங்களின் பொருள் விளங்கவில்லை. அவர்கள் இலாபக் கணக்கைக் கேட்டனர். இக்கரையில் பெருமையாகத் தோன்றியது அக்கரையில் வீண்செலவாகத் தோன்றியது. கும்பினிக்குள்ளேயே மொழிபெயர்க்க ஆளில்லாத இடைவெளி ஒன்று உருவாகிவிட்டது.

சொல்லியவையும் எழுதியவையும்

ஆனந்தரங்கரை நாம் இன்று அறிவதற்குக் காரணம் அவர் செல்வமோ பட்டமோ அன்று. அவர் எழுதிய நாட்குறிப்பே. 1736ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 6ஆம் நாள் தொடங்கி, இடையிடையே விடுபட்டாலும், வாழ்வின் இறுதி நாட்கள் வரை கால் நூற்றாண்டு அவர் அதை எழுதினார். தமிழ் ஆண்டுப் பெயரும் மாதமும் இட்டு, நாழிகைக் கணக்கில் நேரம் குறித்து, கப்பல் வரவு, துணி விலை, அவைச் செய்தி, ஊர்ப்பேச்சு அனைத்தையும் அதில் பதிவு செய்தார். அதன் நடை புலவர் நடை அன்று. அக்காலப் பேச்சு நடை. பாரசீக, போர்த்துகீசிய, பிரெஞ்சுச் சொற்கள் அதில் தமிழோடு கலந்து வருகின்றன. ஆளுநர் குவர்னதோர் ஆகிறார். பிரெஞ்சுப் பெருமக்கள் முசே ஆகின்றனர். பல நாட்டார் கூடிப் பேசிய ஒரு துறைமுகத்தின் ஓசையை இன்றும் அந்நடையில் கேட்கலாம்.

அந்நாட்குறிப்பின் மற்றொரு பயன் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஆளுநரிடம் ஆனந்தரங்கர் பேசியவை புகழுரையும் பணிவும் நிறைந்தவை. அரசவை மரபில் அதுவே நாகரிகம். தம் உண்மைக் கருத்தை அவர் இரவில் தமிழில் எழுதினார். பிரெஞ்சு அதிகாரிகளின் பூசல்களையும், பேராசையையும், ஆட்சிக் குறைகளையும் அதில் மறைக்காமல் குறித்துள்ளார். 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தபோது நகரின் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. ஊரார் துபாஷியை நோக்கினர். அவரால் அதைத் தடுக்க இயலவில்லை. ஆளுநரின் செவியை நாள்தோறும் பெற்றிருந்தவரின் சொல்லுக்கு எல்லை எங்கே என்பது அன்று தெரிந்தது. அவ்வேதனையும் நாட்குறிப்பில் பதிந்துள்ளது.

அவர் குறையற்றவர் என்று கூறுவது வரலாற்றுக்கு அழகாகாது. கும்பினிக்காகப் பேசியவரே தம் வணிகத்தையும் நடத்தினார். தரகும் காணிக்கையும் பெற்றார். போட்டியாளர்களைப் பற்றிய அவர் எழுத்தில் காழ்ப்பும் உண்டு. சோதிடத்தில் பெருநம்பிக்கை கொண்டவர். ஆயினும் தம் குறைகளுக்கும் சான்றாகும் வகையில் அனைத்தையும் எழுதி வைத்தவர் என்பதால் அவர் மீது மதிப்புக் கூடவே செய்கிறது.

இலக்கியப் புரவலராகவும் அவர் விளங்கினார். தியாகராய தேசிகர் ஆனந்தரங்கக் கோவை பாடினார். சீனிவாச கவி வடமொழியில் ஆனந்தரங்க விசய சம்பு இயற்றினார். தெலுங்குப் புலவர் கத்தூரிரங்க கவியும் அவர் ஆதரவு பெற்றவர். பல மொழி வணிகத்தால் ஈட்டிய பொருள் பல மொழிப் புலமைக்கும் உதவிற்று.

இறுதி நாட்கள்

1754இல் பாரிசிலிருந்து கொதே என்பவர் வந்து பொறுப்பேற்றார். துய்ப்ளே தாயகம் திரும்பினார். ஆனந்தரங்கரின் செல்வாக்கும் குறையத் தொடங்கியது. அடுத்து வந்த ஆளுநர் தெ லெரி காலத்தில், 1756இல் அவர் தலைமைத் துபாஷிப் பதவியை இழந்தார். வரவேண்டிய பணம் வரவில்லை. உடல் நலமும் குன்றியது. 1758இல் படைத்தலைவராக வந்த லாலி இந்நாட்டு மரபுகளை அறிய முயலாதவர். சுமை தூக்கவும் வண்டி இழுக்கவும் சாதி, நிலை என்னும் வேறுபாடு பாராமல் மக்களைக் கட்டாயப்படுத்தினார். உள்நாட்டாரின் மனம் அவரிடமிருந்து விலகியது. தமக்கு உதவியாக நிற்கக்கூடியவர்களின் மொழியை அறியாதவர் அவர்களின் உதவியையும் இழப்பார் என்பதற்கு அவர் ஆட்சி சான்றாயிற்று.

1761ஆம் ஆண்டு சனவரியில், நீண்ட முற்றுகையால் பசித்துக் கிடந்த புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. நகர் வீழ்ந்த அந்நாட்களிலேயே, தம் 51ஆம் வயதில், ஆனந்தரங்கரும் கண்மூடினார். எந்த நகரின் குரலாகத் தாம் வாழ்ந்தாரோ அந்நகரோடு அவர் வாழ்வும் முடிந்தது.

அவர் எழுதிய ஏடுகள் ஏறத்தாழ 85 ஆண்டுகள் வெளியுலகம் அறியாமல் கிடந்தன. 1846இல் கலுவா மோன்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரை சென்னை அரசு 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. தமிழ் மூலத்தின் அச்சுப் பதிப்பு அதன் பின்னரே, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புதுச்சேரியிலிருந்து வெளிவரத் தொடங்கியது. தமிழில் எழுதப்பட்ட நூலை உலகம் முதலில் ஆங்கிலத்தில் படித்தது என்பது, மொழிகளுக்கு நடுவே வாழ்ந்த அவருக்கு நேர்ந்த மற்றுமொரு விந்தை ஆகும்.

இன்று நம் மாணவர்கள் கல்வி முடித்துப் பல நாடுகளுக்குப் பணிக்கும் வணிகத்திற்கும் செல்கின்றனர். அங்கு வழங்கும் மொழியைக் கற்றால் போதும் என்று பலரும் எண்ணுகின்றனர். சொல்லுக்குப் பின்னே மரியாதையும், காலமும், கொடையும், வாக்கும் நாட்டுக்கு நாடு வேறுபட்டு நிற்கின்றன என்பதை ஆனந்தரங்கரின் வாழ்வு உணர்த்துகிறது. தறி நின்றது ஏன் என்று கும்பினிக்கும், கப்பல் காத்திராது ஏன் என்று வணிகருக்கும் எடுத்துரைத்தவர் அவர். மறுதரப்பார் தவறினர் என்று முடிவு கட்டுமுன், அவர் நாளை எதைக் கொண்டு எண்ணுகிறார் என்று கேட்டறியும் பொறுமை வேண்டும். நைனியப்பரின் சிறையும், அடையாற்றங்கரைப் போரும், லாலியின் வீழ்ச்சியும் அப்பொறுமை இல்லாத இடத்தில் விளைந்தவை. இரு மொழி அறிதல் கல்வி. இரு மனம் அறிதல் பண்பு. இரண்டையும் பெற்றவரே கடல் கடந்த உறவைக் காக்க வல்லவர் ஆவார்.